சக்கரத்துக்கு ஒரு கோடு

எங்கள் மடத்தில் யார் எதைக் கேட்டாலும் நேரான பதில் வராது. அம்மாவின் வழக்கம் அப்படி. ரசத்துக்குப் புளி எவ்வளவு கரைக்கட்டும் என்று கேட்டால்கூட, நேற்று சாப்பிட்டவர்களின் முகத்தைப் பார்த்தீர்களா அக்கா என்பார். எலுமிச்சை அளவு என்றோ அரை எலுமிச்சை அளவு என்றோ ஒரு வார்த்தை வந்தால் போதும் எனக்கு. வராது. பதினோரு வருஷமாக அங்கே சமைக்கிறேன். பதினோரு வருஷமாக மண்டை காய்கிறது.

அம்மா என்றதும் நரைத்த தலையை நினைத்துக்கொள்ள வேண்டாம். பெயர் செங்கமலம். முப்பத்தெட்டு வயது. என்னைவிடப் பதினாறு வயது சின்னவர். முன்னால் மடத்தை நடத்திவந்த பெரியவர் போனபிறகு அவருடைய இடத்தில் உட்கார்ந்தார். பெரியவரிடமிருந்து பலகையையும் செம்பையும் எடுத்துக்கொண்டதோடு நிற்காமல், இந்த வளைத்து வளைத்துப் பேசுகிற வியாதியையும் எடுத்துக்கொண்டார்.

அவரிடம் சீடராக வந்து சேர்ந்தவர் தணிகாசலம் சார். பொதுப்பணித் துறையில் இன்ஜினியராக இருந்து ஓய்வு பெற்றவர். அறுபத்துமூன்று வயது. மதகு, சின்னப் பாலம், வாய்க்கால் கரை என்று கட்டிக்கொண்டே இருந்த மனுஷன். சட்டைப் பையில் எப்போதும் ஒரு பென்சில் இருக்கும். எதைச் சொன்னாலும் ஒரு காகிதத்தில் கோடு போட்டுத்தான் சொல்லுவார். முருங்கைக்காய் எந்த நீளத்துக்கு நறுக்கலாம் என்று எனக்கே ஒரு தடவை படம் போட்டுக் காட்டியிருக்கிறார். அவரை அடுப்படியிலிருந்து அனுப்பி வைத்தேன்.

அவர் மடத்துக்கு வந்த காரணம் எல்லோருக்கும் தெரியும், அவரே சொல்லிவிடுவார். அவருடைய மனைவி ஆஸ்பத்திரியில் கடைசி மூச்சு விட்டுக்கொண்டிருந்தபோது இவர் ஒரு மதகில் நின்றுகொண்டிருந்தார். மூன்று தடவை ஆள் வந்து கூப்பிட்டும், கான்கிரீட் போட்டு முடியட்டும், வந்துவிடுகிறேன் என்று நின்றுவிட்டார். முடித்துவிட்டுப் போனபோது அந்தம்மாவின் முகத்தை மூடியிருந்தார்கள்.

அதற்காக அவர்மேல் எனக்கு இரக்கம் இல்லாமல் இல்லை. ஆனால் மூன்று வருஷமாகத் தினமும் சாயங்காலம் விளக்கு வைத்ததும் ஒரே கேள்வியைக் கேட்டால் எந்த மனுஷிக்கும் பற்றிக்கொண்டு வரும்.

“அம்மா, உள்ளே ஒரு மூலை உடைஞ்சுபோன ஆளு நான். எனக்கு எது தெரியாமலே போகும்?”

அம்மா ஒருநாள் அவரிடம் கொத்தமல்லிக் கட்டைக் கொடுத்து ஆயச் சொன்னார். இன்னொரு நாள் வாசல் குழாயில் சொட்டுகிற தண்ணீரைக் காட்டி, வாஷர் மாற்றத் தெரியுமா என்றார். ஒருநாள் ஒன்றுமே சொல்லாமல் எழுந்து போய்க் கை கழுவினார். சார் அதையெல்லாம் நோட்டில் எழுதி வைத்துக்கொண்டு யோசிப்பார். கை கழுவியதற்கு என்ன அர்த்தம் என்று என்னிடம் வந்து கேட்டார். கையில் எண்ணெய் ஒட்டியிருந்திருக்கும் என்றேன். அவருக்கு அது போதவில்லை.

இப்படிப் போய்க்கொண்டிருந்ததில்தான் கண்ணாடி உடைந்தது.

அந்தக் கண்ணாடியைப் பற்றிச் சொல்ல வேண்டும். பெரியவர் மடத்துக்கு வருவதற்கு முன் போட்டோ ஸ்டூடியோ வைத்திருந்தவர். அங்கிருந்து அவர் கொண்டுவந்தது இது ஒன்றுதான். டபரா வாயளவு இருக்கும், நடுவில் தடித்து ஓரத்தில் மெலிந்த வில்லை. மடத்தில் தேரோடும் வீதியைப் பார்த்த அறை ஒன்று உண்டு. அதன் ஜன்னல் கதவில் வட்டமாக ஓட்டை போட்டு, அந்த வில்லையைப் பதித்து, உள்பக்கம் ஒரு தகர மூடியும் வைத்தார். மற்ற சந்து பொந்தையெல்லாம் அடைத்து அறையை இருட்டாக்கினார். வில்லைக்கு எதிரே மரச்சட்டம் ஒன்றில் மல் வேட்டியை இழுத்துக் கட்டினார். தேரோட்டத்தன்று மூடியைத் திறந்தால், வீதி முனையில் திரும்புகிற தேர் அந்த வேட்டியில் ஒன்றரைச் சாண் உயரத்துக்கு வந்து நிற்கும், கலர் கலராக, கொடி அசைவதுகூடத் தெரியும்படி.

தலைகீழாகத்தான் வரும். வில்லையின் குணம் அது. மேலேயிருந்து வருகிற வெளிச்சம் கீழே இறங்கிவிடும், கீழேயிருந்து வருவது மேலே ஏறிவிடும். ஆனால் பெரியவர் அந்த அறையைக் கட்டியது நம்மைப்போல நிற்கிறவர்களுக்கு இல்லை. படுத்த படுக்கையாகக் கிடப்பவர்களுக்கு. வேட்டிக்குப் பின்பக்கம், அதை ஒட்டித் தலை வருகிற மாதிரி கட்டிலைப் போடுவோம். மல்லாந்து படுத்துக் கண்ணைத் தலைக்கு மேலே உயர்த்திப் பார்த்தால் தேர் நேராக நிற்கும். நிற்கிறவர்களுக்குத்தான் தலைகீழ். பெரியவர் இதைச் சொல்லிச் சிரிப்பார். வருஷத்துக்கு நாலைந்து கட்டில் வரும்.

அவர் வைத்த கட்டுப்பாடு ஒன்றும் உண்டு. தேர் நிலையை விட்டுக் கிளம்பும்வரை மூடியைத் திறக்கக் கூடாது. திறந்தால் வருஷம் முழுக்க அது வேடிக்கைப் பெட்டியாகிவிடும் என்பார். இன்றுவரை யாரும் அதை மீறியதில்லை.

தேருக்கு ஒன்பது நாள் இருக்கும்போது, துடைக்கிறேன் பேர்வழி என்று தணிகாசலம் சார் வில்லையைக் கழற்றினார். துணியில் வைத்து ஊதி ஊதித் துடைத்தார். ஒரு புள்ளி போகவில்லை என்று விபூதி போட்டுத் துடைத்தார். கை நழுவி அம்மியில் பட்டது. என் அம்மியில். ஓரத்தில் ஒரு துண்டு பெயர்ந்து, அங்கிருந்து விரிசல் ஓடி, கால்வாசிக் கண்ணாடி பாழாகிவிட்டது.

நான் தலையில் அடித்துக்கொண்டேன். சார் வெளுத்துப்போய் நின்றார். பிறகு இரண்டு கையிலும் அதை ஏந்திக்கொண்டு அம்மாவிடம் போனார். நானும் பின்னாலேயே போனேன், என்ன சொல்கிறார் பார்ப்போம் என்று.

சார் எதையும் மறைக்கவில்லை. உடைத்துவிட்டேன் என்றார். பிறகு கேட்டார்.

“தேர்ல எந்தப் பாகம் தெரியாமப் போகும், அம்மா?”

அம்மா கண்ணாடியைப் பார்த்தார். அவரைப் பார்த்தார்.

“எது போனாப் பரவாயில்லைன்னு நினைக்கிறீங்க?”

அவ்வளவுதான். எழுந்து போய்விட்டார். எனக்கு அங்கேயே கத்தவேண்டும்போல இருந்தது. மனுஷன் உடைந்த கண்ணாடியோடு நிற்கிறார், தெரியும் அல்லது தெரியாது என்று ஒரு வார்த்தை சொன்னால் என்ன குறைந்துபோய்விடும்?

சார் அதை உத்தரவாகவே எடுத்துக்கொண்டார். எதை விட்டுக்கொடுப்பது என்று தான் முடிவு பண்ண வேண்டும், அதுதான் தனக்குக் கொடுத்த சோதனை என்று நினைத்துவிட்டார். இரண்டு நாள் சாப்பாடே சரியாக இல்லை. கலசத்தை விடலாமா என்றால் மனசு வரவில்லை. சாமி இருக்கிற இடத்தை விடுவது பற்றிப் பேச்சே இல்லை. மேளக்காரர்கள் உட்காருகிற தட்டை விடலாமா என்று ஒரு நாள் யோசித்தார். மூன்றாம் நாள் காலையில் இட்லிக்கு வந்து உட்கார்ந்தபோது முகம் தெளிந்திருந்தது. சக்கரத்தை விட்டுவிடலாம் என்றார். தேரில் யாரும் சக்கரத்தைப் பார்க்க வருவதில்லையே என்றார்.

பிறகு கோடு போட ஆரம்பித்தார். ஒரு பெரிய காகிதத்தில் தேர், நடுவில் வில்லை, இந்தப் பக்கம் திரை. கலசத்திலிருந்து ஒரு கோடு, வில்லையின் மேல்பக்கம் புகுந்து, வளைந்து, திரையின் அடியில் போய் முடிந்தது. சாமியிலிருந்து ஒரு கோடு வில்லையின் நடுவில். சக்கரத்திலிருந்து ஒரு கோடு வில்லையின் கீழ்ப்பக்கம் புகுந்து, வளைந்து, திரையின் உச்சியில் ஏறியது. ஆகவே உடைந்த பக்கத்தைக் கீழே வைத்துப் பதித்தால் சக்கரத்தோடு போய்விடும், மற்றதெல்லாம் பிழைத்துக்கொள்ளும் என்று எனக்கு விளக்கினார். கோடுகள் ஸ்கேல் வைத்துப் போட்டது, பார்க்க அழகாக இருந்தன. நானும் தலையாட்டினேன். எனக்கென்ன தெரியும்?

அந்தப் படத்தை அம்மாவிடம் கொண்டுபோய்க் காட்டினார். அம்மா ரொம்ப நேரம் பார்த்தார். சக்கரத்திலிருந்து கிளம்பிய அந்த ஒற்றைக் கோட்டின்மேல் விரலை ஓட்டினார்.

“பென்சில் தீர்ந்துபோச்சா?” என்றார்.

சார் கடைக்குப் போய் ஒரு டஜன் பென்சில் வாங்கி வந்தார். என்னத்தைச் சொல்ல.

உடைந்த பகுதியில் வெளிச்சம் சிதறிப் படத்தை வெளிறவைக்கும் என்று அதன்மேல் கறுப்புக் காகிதம் ஒட்டினார். அதைக் கீழ்ப்பக்கமாக வைத்து, இனி ஒருதரம் நழுவக் கூடாது என்று வில்லையைச் சுற்றிலும் பசை போட்டு ஜன்னலில் இறுக்கிவிட்டார். பழைய மல் வேட்டிக்குப் பதிலாகத் தன் ஆபீஸ் காலத்து டிரேசிங் பேப்பரைச் சட்டத்தில் இழுத்து ஒட்டினார். அதில் படம் இன்னும் துலக்கமாக வரும் என்றார். மூடியை ஒரு விரற்கடை திறந்து பார்த்துவிடுங்களேன் சார், தெரிந்துபோகும் என்று நான் சொன்னேன். பெரியவர் வைத்த கட்டுப்பாட்டை மீறச் சொல்கிறீர்களா என்று கேட்டுவிட்டு அப்பால் போய்விட்டார். உடைக்கத் தெரிந்த மனுஷனுக்குத் திறந்து பார்க்கத் தெரியவில்லை.

தேருக்கு முதல்நாள் காத்தையனிடமிருந்து ஆள் வந்தது.

காத்தையனை அறியாதவர்கள் எங்கள் வீதியில் இல்லை. தேருக்குக் கட்டை போடுகிறவர். வடத்தை ஆயிரம் பேர் இழுத்தாலும் தேர் தானாகத் திரும்பாது. சக்கரத்துக்கு அடியில் சரியான நேரத்தில் சரியான பக்கம் கட்டையைச் செருகி, நகர்ந்ததும் உருவி எடுக்க வேண்டும். ஒரு மூச்சு முந்தினாலும் பிந்தினாலும் ஆபத்து. இருபத்தோரு வருஷம் அதைச் செய்தார். ஏழு வருஷத்துக்கு முன், எங்கள் ஜன்னலுக்கு எதிரே இருக்கிற அதே முனையில், கட்டை தெறித்து அவருடைய இடுப்பில் அடித்தது. அன்று படுத்தவர் எழுந்திருக்கவில்லை.

ஒவ்வொரு வருஷமும் நான் போய்க் கூப்பிடுவேன். வரமாட்டேன் என்று சுவர்ப்பக்கம் தலையைத் திருப்பிக்கொள்வார். கட்டிலை வீதியிலேயே கொண்டுவந்து போடுகிறோம் என்று அவருடைய கூட்டாளிகள் சொன்னபோது, நின்ற இடத்தில் என்னைப் படுக்கவைத்து ஊர் பார்க்க வேண்டாம் என்று சொல்லிவிட்டார். இந்த வருஷம் அவராகவே வருகிறேன் என்று சொல்லியனுப்பியிருந்தார். அவருடைய தங்கை மில் வேலைக்குத் திருப்பூருக்குக் குடிபோகிறாள், அடுத்த வாரம் அவரையும் கூட்டிப்போகிறாள். அங்கேயிருந்து கட்டிலோடு தேருக்கு வந்து போவது நடக்கிற காரியமில்லை. அவருக்கு இதுதான் கடைசித் தேர்.

காலை ஒன்பது மணிக்கு நாலு பேர் அவரைக் கட்டிலோடு தூக்கிவந்து, டிரேசிங் பேப்பரை ஒட்டித் தலைவைத்துப் படுக்கப்போட்டுவிட்டு, வடம் பிடிக்க ஓடினார்கள். இந்த வருஷம் வேறு கட்டில் எதுவும் வரவில்லை. காத்தையன் முகம் சவரம் செய்து, வெள்ளைச் சட்டை போட்டிருந்தார். இளைத்துப்போயிருந்தார். ஆனால் கை மட்டும் பழைய கைதான், உலக்கை கணக்காக.

தேர் பத்தரைக்கு முனைக்கு வரும். தூரத்தில் மேளம் கேட்டுக்கொண்டிருந்தது. நான் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு நின்றேன். படம் மங்கலாக வந்தால் சட்டத்தை முன்னே ஒரு விரல், பின்னே ஒரு விரல் நகர்த்திக் கூர்மையாக்குவது என் வேலை. வெளிச்சமெல்லாம் வளைந்து வந்து சந்திக்கிற இடம் ஒன்றே ஒன்றுதான் இருக்கும். அதைத் தாண்டினாலும் புகை, எட்டாவிட்டாலும் புகை.

அப்போதுதான் சார் வாயைத் திறந்தார். நேர்மையான மனுஷன், அதுதான் தொல்லை. காத்தையன் பக்கத்தில் குனிந்து, தம்பி, உங்களிடம் ஒன்று சொல்லிவிட வேண்டும் என்று ஆரம்பித்தார். கண்ணாடி தன்னால் உடைந்துவிட்டது, ஆனால் சாமி முழுசாகத் தெரியும்படி அமைத்திருக்கிறேன், சக்கரம் மட்டும் தெரியாது, வருத்தப்படாதீர்கள் என்றார்.

காத்தையன் என் பக்கம் தலையைத் திருப்பினார்.

“அக்கா, அவங்களைக் கூப்பிடுங்க. என்னைத் தூக்கிட்டுப் போகட்டும்.”

அவர்கள் வடத்தில் இருக்கிறார்கள், இனி வரமாட்டார்கள் என்றேன். சாமியைப் பார்த்துவிட்டுப் போகலாமே என்றும் சொன்னேன், மடச்சி.

“சாமியைக் கும்பிட எனக்குக் காலண்டர் போதும் அக்கா. இருபத்தோரு வருஷம் தேர்ல நான் சாமியைப் பார்த்ததே இல்லை. கண்ணு கீழேதான். சக்கரத்தை விட்டுக் கண்ணை எடுத்தா ஆள் செத்துரும்.” பிறகு சாரைப் பார்த்துக் கேட்டார். “சக்கரம் வேணாம்னு யார் சார் சொன்னது?”

சாரின் முகத்தை நான் பார்த்தேன். அன்றைக்கு அம்மியில் கண்ணாடி பட்டபோதுகூட அப்படி ஆகவில்லை. சட்டென்று மேஜைமேல் இருந்த ஸ்க்ரூ டிரைவரை எடுத்துக்கொண்டு ஜன்னலுக்குப் போய், வில்லையைச் சுற்றியிருந்த பசையைக் கெல்ல ஆரம்பித்தார். திருப்பி வைத்துவிடுகிறேன், உடைந்த பக்கத்தை மேலே வைத்துவிடுகிறேன், கலசம் போகட்டும், அஞ்சு நிமிஷம் கொடுங்கள் என்று சொல்லிக்கொண்டே கெல்லினார். பசை கல்லாக இறுகியிருந்தது. கண்ணாடி கிறீச்சென்றது. இன்னும் ஒரு அழுத்து அழுத்தினால் மிச்சமிருக்கிற கண்ணாடியும் காலி. மேளம் நெருங்கிவிட்டது.

எனக்கு அடக்கிவைத்ததெல்லாம் பொங்கிவிட்டது. உடைத்தது போதாதா, கையை எடுங்கள் சார் என்று கத்தினேன். அவர்மேல் கோபமா, அம்மாமேல் கோபமா என்று கேட்டால், அம்மாமேல்தான். ஒன்பது நாளாக இந்த மனுஷனைத் தவிக்கவிட்டு, இப்போது இந்தப் பாவப்பட்ட பிள்ளையையும் தவிக்கவிட்டாயிற்று. எல்லாம் ஒரு வார்த்தை சொல்லாததனால்.

அம்மா உள்ளே வந்தார். என் சத்தம் கேட்டுத்தான் வந்திருப்பார். சாரின் கையிலிருந்து ஸ்க்ரூ டிரைவரை வாங்கி என்னிடம் கொடுத்தார். நான் அதை இடுப்பில் செருகிக்கொண்டேன்.

“தம்பி பக்கத்துல தரையில படுங்க சார்” என்றார்.

சார் விழித்தார். அம்மா கீழே கையைக் காட்டினார். சார் முட்டியைப் பிடித்துக்கொண்டு மெல்ல உட்கார்ந்து, கட்டிலுக்குப் பக்கத்தில் மல்லாந்து படுத்தார். காத்தையன் கண்ணை இறுக்க மூடிக்கொண்டிருந்தார். அம்மா அறைக்கதவைச் சாத்திவிட்டு வில்லையின் மூடியை எடுத்தார். எடுத்துவிட்டு, நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே, அந்த வில்லையின் இடது பாதியைத் தன் உள்ளங்கையால் மூடினார்.

ஏற்கெனவே கால்வாசி போயிற்று. இப்போது பாதியையும் மூடிவிட்டார்.

காகிதத்தில் ஏதோ மங்கலாக மிதந்தது. பழக்கத்தில் என் கை சட்டத்தை நகர்த்தியது. பின்னே ஒரு விரல், இன்னும் அரை விரல். கூடியது.

தேர் வந்திருந்தது. கலசம், குடை, தொங்குகிற துணித் தொம்பைகள், சாமியின் மேல் மாலை, மேளக்காரர்கள், அடுக்கடுக்கான சிற்பங்கள். அதற்கடியில் நாலு சக்கரமும். முன்சக்கரத்தின் இரும்புப் பட்டை வெயிலில் பளபளத்தது. எதுவும் குறையவில்லை. எப்போதும் வருவதைவிட வெளிச்சம் கம்மி, அந்தி நேரம்போல. ஆனால் முழுத் தேர்.

“தம்பி, கண்ணைத் திறங்க” என்றேன்.

காத்தையன் திறந்தார்.

அதற்குப்பிறகு அவர் எங்களை மறந்துவிட்டார். முன்சக்கரத்தின்மேல் கண்ணை வைத்தவர் எடுக்கவில்லை. தேர் முனைக்கு வந்து தயங்கியது. “வலது” என்றார் மெதுவாக. காகிதத்தில் எறும்பளவு ஆள் ஒருவன் வலது சக்கரத்துக்குக் கட்டையைச் செருகினான். “கொடு. இன்னும் கொடு. நிறுத்து.” ஒவ்வொன்றும் அவர் வாயிலிருந்து வந்தபிறகே அங்கே நடந்தது. அந்தப் பெரிய கைகள் கட்டில் சட்டத்தைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தன. தேர் மூலையில் உறுமிக்கொண்டு திரும்பியது. ஏழு வருஷத்துக்கு முன் கட்டை தெறித்த இடம். அவருடைய கழுத்து நரம்பு புடைத்தது. “கையை எடுடா, கையை எடு” என்று கிசுகிசுத்தார். எறும்பு கையை எடுத்தது. சக்கரம் உருண்டு தாண்டியது.

அவர் மூச்சை விட்டார். கண்ணீர் இரண்டு ஓரத்திலும் வழிந்து காதுக்குள் இறங்கியது. துடைத்துக்கொள்ளவில்லை. நான் அழுதேன். நின்றுகொண்டிருந்ததால் எனக்கு எல்லாம் தலைகீழாகத் தெரிந்தது, அதைப் பார்த்தே அழுதேன்.

அம்மா கையை இடது பாதியிலிருந்து வலது பாதிக்கு மாற்றினார். படம் கலையவில்லை, எதுவும் மறையவில்லை. கையை முழுக்க எடுத்தார். வெளிச்சம் ஏறியது, அவ்வளவுதான். தேர் அதே தேர்.

தரையில் கிடந்த சார் அதைக் கண்கொட்டாமல் பார்த்துக்கொண்டிருந்தார். காணாமல் போன பாகத்தைத் தேடினார் என்று நினைக்கிறேன். கலசத்திலிருந்து ஆரம்பித்து, ஒவ்வொரு தட்டாக இறங்கி, சக்கரம்வரை வந்து, மறுபடி மேலே போனார். தேர் வீதியைவிட்டுப் போய், வெறும் வெயிலும் கொட்டிக்கிடந்த பூவும் மட்டும் காகிதத்தில் மிஞ்சியபிறகும் அவர் எழுந்திருக்கவில்லை.

கடைசியில் நான் அறைக்கதவைத் திறந்தபோது எழுந்து உட்கார்ந்தார். சட்டையெல்லாம் தூசி.

“அன்னைக்கே சொல்லியிருக்கலாமே, அம்மா.”

அவர் கேட்டதில் கோபம் இருந்தது. நான் மனசுக்குள் கைதட்டினேன். மூன்று வருஷத்தில் முதல் தடவையாக உருப்படியான ஒரு கேள்வி.

“எந்தப் பாகம் போகும்னு கேட்டீங்க” என்றார் அம்மா. “போகுமான்னு கேட்கலையே.”

சார் காத்தையனை ஒருமுறை பார்த்தார். பார்வையை எடுத்துக்கொண்டு, பையிலிருந்து அந்தப் படத்தை எடுத்துத் தரையில் விரித்தார். ரொம்ப நேரம் அந்த மூன்று கோடுகளையே பார்த்தார். பிறகு பென்சிலை எடுத்தார். சக்கரத்திலிருந்து வில்லையின் உச்சிக்கு ஒரு கோடு போட்டார். அதற்குக் கீழே ஒன்று. நடுவுக்கு ஒன்று. ஸ்கேல் வைக்கவில்லை. ஒரே சக்கரத்திலிருந்து விசிறி மாதிரி கோடுகள் கிளம்பி வில்லை பூராவும் போய்ப் படிந்தன. உடைந்த இடத்தில் போய் முட்டிய கோடுகளை அங்கேயே நிறுத்தினார். மற்றதையெல்லாம் அந்தப் பக்கம் வளைத்துக் கொண்டுபோய்த் திரையில் ஒரே புள்ளியில் சேர்த்தார். பிறகு கலசத்திலிருந்து அதேபோல. சாமியிலிருந்து அதேபோல. வில்லையில் இடம் தெரியாமல் கறுத்துப்போயிற்று. ஒரு பென்சில் மொட்டையாகி இன்னொன்றை எடுத்தார்.

காத்தையன் தலையைத் திருப்பி அதைப் பார்த்துக்கொண்டிருந்தார். சக்கரம் சரியா வரலை சார், முன்சக்கரம் இன்னும் கொஞ்சம் பெரிசு என்றார். சார் அழித்துப் பெரிசாக வரைந்தார். மன்னிக்கணும் தம்பி என்றார், தலையைத் தூக்காமல். காத்தையன் கட்டிலிலிருந்து கையை நீட்டி, அந்தச் சக்கரத்துக்கு அடியில் கட்டை எந்த இடத்தில் வரவேண்டும் என்று விரலால் தொட்டுக் காட்டினார். சார் அங்கே ஒரு சின்னக் கட்டையை வரைந்தார்.

பென்சில் நின்றது. சார் அந்த உடைந்த மூலையையும், அங்கே வந்து நின்றுபோன கோடுகளையும் பார்த்துக்கொண்டிருந்தார். எனக்கு அடுப்பில் வேலை இருந்தது. ஆனால் அவர் என்ன கேட்கப்போகிறார் என்று எனக்குத் தெரியும், அதனால் போகவில்லை.

“அம்மா” என்றார். வழக்கமான கேள்விதான், ஆனால் இந்தத் தடவை பாதியாகத்தான் வந்தது. “உள்ளே ஒரு மூலை உடைஞ்சுபோன ஆளுக்கு...”

நான் பல்லைக் கடித்துக்கொண்டேன். இப்போது ஜன்னலைப் பார்ப்பார், இல்லை, கை கழுவப் போவார், இல்லை, கொத்தமல்லி இருக்கிறதா என்று என்னைக் கேட்பார் என்று நினைத்தேன். கேட்டிருந்தால் இடுப்பில் இருந்த ஸ்க்ரூ டிரைவரை என்ன செய்திருப்பேனோ தெரியாது.

அம்மா அவருக்கு எதிரே தரையில் உட்கார்ந்தார். நேராக அவர் முகத்தைப் பார்த்தார்.

“கொஞ்சம் வெளிச்சம் குறையும், சார். வேற ஒண்ணும் குறையாது.”